செவிக்குள் ஒரு வானொலி

ஐம்புலன்களுள் கண்ணையே தலையாயதாகக் கொள்வது உலக வழக்கு. ஆயினும் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கேட்டல் இன்றேல் பேச்சும் இல்லை. செவிப்புலன் இன்றிப் பிறந்த குழந்தைக்குத் தாயின் தாலாட்டும் எட்டுவதில்லை. இக்குறையை மின்சாரத்தால் தீர்க்க மாந்தர் முயன்ற வரலாறு சுவை மிக்கது. சித்தூர், திருப்பதி வரையில் வந்து நிற்பதும் ஆகும்.

இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, தாம் கண்டுபிடித்த மின்கல அடுக்கின் முனைகளைத் தம் இரு செவிகளிலும் பொருத்திச் சோதித்தார். தலைக்குள் ஓர் அதிர்ச்சியும், கெட்டியான கஞ்சி கொதிப்பது போன்ற ஓசையும் தோன்றின என்று 1800ஆம் ஆண்டில் எழுதினார். அச்சோதனையை மீண்டும் செய்ய அவர் விரும்பவில்லை. 1957இல் பாரிஸ் நகரில் ஜூர்னோ, ஏரியேஸ் என்னும் இருவர், கேள்வி முற்றும் இழந்த ஒருவரின் செவி நரம்பருகே மின்முனையை வைத்தனர். அவர் சில்வண்டின் இரைச்சல் போன்றதொரு ஒலியைக் கேட்டார். 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வில்லியம் ஹவுஸ் இம்முயற்சியைத் தொடர்ந்தார்.

ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க்கின் தந்தை செவித்திறன் குன்றியவர். அவர் பட்ட இடர்ப்பாடே மைந்தரை இத்துறைக்கு ஈர்த்தது. உட்செவியில் உள்ள காக்ளியா, நத்தையின் ஓடு போன்று இரண்டரைச் சுற்றுச் சுருண்டது. அதனைச் சிதைக்காமல் கம்பியைச் செலுத்துவது எங்ஙனம்? கடற்கரையில் கிடந்த சிப்பியோட்டின் சுருளுக்குள் புல்லிதழ் ஒன்றைச் செலுத்திப் பார்த்து, அடி விறைப்பாகவும் நுனி துவளுமாறும் கம்பி இருத்தல் வேண்டும் எனத் தெளிந்தார். 1978ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், மெல்போர்ன் நகரில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு அறுவை நிகழ்ந்தது. முதற் சோதனைகளில் ஏமாற்றமே எஞ்சியது. பின்னொரு நாள் நாட்டு வாழ்த்தின் மெட்டைக் கருவி வழியே ஒலிக்கச் செய்தபோது, சாண்டர்ஸ் சட்டென எழுந்து நிமிர்ந்து நின்றார். தம் முயற்சி பலித்த மகிழ்ச்சியில் கிளார்க் பின்னர்க் கண்ணீர் உகுத்தார் என்பர்.

'காக்ளியர் இம்பிளாண்ட்' என்று வழங்கும் இக்கருவி ஒலியைப் பெருக்குவதன்று. காதின் பின்னே அணியும் பகுதி ஒலியை வாங்கிக் குறிகளாக மாற்றுகின்றது. காந்தத்தால் தலையில் ஒட்டி நிற்கும் சுருள், அக்குறிகளை வானொலி அலையாகத் தோலின் ஊடே அனுப்புகின்றது. உள்ளே பதித்த பகுதி அதனை ஏற்று, மின்முனைகளின் வழியே நரம்பைத் தூண்டுகின்றது. ஒரு சிற்றூர் வானொலி நிலையமும் அதன் ஏற்பியும் ஒரு தலைக்குள் அமைந்தன எனலாம்! இயற்கைச் செவியில் மயிர் உயிரணுக்கள் ஏறத்தாழ 15,000. கருவியின் மின்முனைகளோ 12 முதல் 22 வரையே. பெருங்காப்பியம் ஒன்றைச் சில நூறு சொற்களில் மொழிபெயர்ப்பது போன்றது இது. பொருள் வரும், நயம் முழுதும் வாராது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வுவமை இயல்பாகத் தோன்றுகின்றது.

இந்தியாவில் 1990களில் இச்சிகிச்சை மும்பை, சென்னை முதலிய நகரங்களில் வேரூன்றியது. ஆந்திரத்தில் 2007இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டம், ஏழைக் குழந்தைகட்கு இது கிட்ட வழி செய்தது. மத்திய அரசின் உதவிக் கருவித் திட்டமும் 2014இல் திருத்தப்பட்டு, ஒரு குழந்தையின் கருவிக்கு 6 லட்சம் ரூபாய் வரை அளிக்க முன்வந்தது. திருப்பதியில் திருமலைத் தேவஸ்தானத்தார் செவித்திறன் அற்ற சிறார்க்குப் பள்ளி நடத்துவதோடு, 'சிரவணம்' என்னும் பெயரில் இளங்குழந்தைகட்குக் கேட்டல், பேச்சுப் பயிற்சியும் அளித்து வருகின்றனர்.

அறுவை முடிந்தவுடன் கேள்வி வந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. புண் ஆறிச் சில வாரங்கள் சென்ற பின்னரே கருவி இயக்கப்படும். அன்று பல குழந்தைகள் மகிழ்வதில்லை, திடுக்கிட்டு அழுகின்றன. பேசப் பழகிப் பின் செவி இழந்த பெரியோர், மனிதக் குரல் பறவைக் கீச்சொலி போலவும் இயந்திரக் குரல் போலவும் தோன்றுகின்றது என்பர். மாதங்கள் செல்லச் செல்ல மூளையே அதனைத் திருத்திக் கொள்கின்றது. கருவியைக் கழற்றினால் மீண்டும் அமைதிதான். இரைச்சலிடையே பேச்சைப் பிரித்தறிவதும் இசையை நுகர்வதும் கடினமே. சைகை மொழியில் வாழ்வோரின் மொழியும் மொழியே என்பதை மறத்தல் ஆகாது.

இனி, நம்மனோர்க்கு உரிய செய்தி ஒன்று. வடாற்காட்டினின்றும் பகுதிகள் பிரிந்து 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் தமிழ் பேசும் இல்லங்கள் அங்கே நிலைத்தன. சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் பேருந்தில் ஒருநாள், காதருகே சுருள் அணிந்த மகளோடு ஒரு தாய் என்னருகே அமர்ந்தார். பயிற்சி தெலுங்கில், வீட்டிலோ தமிழ். "குழந்தை குழம்பிவிடும், தமிழை விட்டுவிடு என்று உறவினர் சொல்கிறார்கள் ஐயா, அப்படியானால் என் மாமியாரிடம் இவள் எதைப் பேசுவாள்?" என்று வினவினார்.

ஒரு மொழியே போதும் என்று முன்னாளில் அறிவுரை கூறியதுண்டு. பெற்றோர் சரளமாகப் பேசும் மொழியையே வீட்டில் நிறையப் பேசுதல் வேண்டும் என்பதே இந்நாளில் வல்லுநர் பலரின் கருத்து. உரிய வயதில் கருவி பெற்று, இரு மொழி கற்ற குழந்தைகளும் பலர். தட்டுத் தடுமாறிப் பேசும் அயல்மொழி, கேட்கப் பழகும் செவிக்கு வறிய உணவே அன்றோ?

தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கும் இது பொருந்தும். பள்ளி மொழியைப் பள்ளி தரும். பாட்டியின் மொழியை வீடே தருதல் வேண்டும். திருப்பதியில் பேருந்து நின்றது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். அச்சிறுமி தன் காதைத் தொட்டுத் தாயை நோக்கினாள். தாய் தமிழிலேயே விடை சொன்னார்: "ஆமாம் கண்ணு, பஸ்ஸு."