வெனிஸ் நகருக்குக் கிடைத்த கொரேர் கொடை

1797இல் நெப்போலியனின் படைக்குப் பணிந்து வெனிஸ் குடியரசு முடிவுற்றபோது, ஆட்சியுரிமையைத் தலைமுறைதோறும் பெற்றுவந்த பட்ரீசியர் எனும் உயர்குடியினர் பலர் வருவாய் குன்றி, தம் மாளிகைகளிலிருந்த ஓவியங்களையும் நாணயங்களையும் கையெழுத்துப் படிகளையும் விற்கத் தலைப்பட்டனர். அக்குடியில் 1750இல் பிறந்த தெயோதோரோ கொரேர், அரசுப் பதவிகளில் நாட்டமின்றிச் சேகரிப்பிலேயே வாழ்நாளைச் செலவிட்டவராதலால், சிதறவிருந்த அச்செல்வத்தில் கணிசமான பகுதியை வாங்கித் தம் இல்லத்தில் சேர்த்தார். அருங்கலைப் படைப்புகளோடு நிறுத்திக்கொள்ளாமல், நகர வாழ்வின் சிறு தடயங்களையும் அவர் திரட்டியதே அத்தொகுப்பின் தனிச்சிறப்பு எனலாம்.

1830இல் மறைந்த கொரேர், தொகுப்பு முழுவதையும், அது இருந்த பெருங்கால்வாய்க் கரை வீட்டையும், பராமரிப்புக்கான நிதியையும் உயில்வழி நகருக்கு விட்டுச்சென்றார். வெனிஸ் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்தது என்பதை நோக்க, கொடை ஆட்சியாளர்க்கன்றி நகருக்கே எழுதப்பட்டது கருதத்தக்கது. 1836இல் அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறக்கப்பட்ட அத்தொகுப்பு, தன் நூலகத்துடன் வளர்ந்து, பின்னர் வேறு கட்டடத்துக்கு மாறி, 1922இல் புனித மாற்கு சதுக்கத்தை அடைந்தது. நகரை வானிலிருந்து நோக்குவதுபோல் காட்டும், யாகோப்போ தெ பார்பரி 1500இல் உருவாக்கிய பெரும்படத்தை அச்சிட்ட ஆறு மரக்கட்டைகளும் இன்று அங்கேயே பாதுகாக்கப்படுகின்றன.