முரசு தந்த கலையும் முரசு மறைத்த குரலும்
(கார்ஃபீல்டு கடெட்ஸ் அணியின் வரலாறு, 1934–2024)

தமிழிலக்கியத்தில் முரசு வெறும் தோற்கருவியன்று. அரசின் உயிராக மதிக்கப்பட்ட பொருள். வீரமுரசு, கொடைமுரசு, மணமுரசு என அதனை மூவகையாகக் கொள்வது மரபு. போருக்குரிய முரசின் கட்டிலில் மோசிகீரனார் அறியாது துயில்கொள்ள, தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளோச்சாது நின்று அப்புலவருக்குக் கவரி வீசிய செய்தியைப் புறநானூற்றின் 50ஆம் பாடல் தருகின்றது. போர்க்கருவியின் இருக்கை ஒருபொழுது புலமைக்கு இடந்தந்தது. அதே கருவி நிலையாகவே கலைக்கு இடந்தந்த வரலாறு ஒன்று இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் உண்டு. இளையோரின் முரசு–பியூகிள் அணிகளின் வரலாறே அது. அவ்வணிகளுள் தலைமை சான்ற கார்ஃபீல்டு கடெட்ஸின் தோற்றம், உயர்வு, முடிவு ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

முதல் உலகப்போர் 1918இல் முடிந்தது. நாடு திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1919இல் ‘அமெரிக்கன் லீஜியன்’ என்னும் சங்கத்தை நிறுவினர். பாசறையில் துயிலெழவும் உணவுக்குக் கூடவும் படை நகரவும் ஒலித்த பியூகிளும் முரசும் சங்கக் கிளைகளின் அணிவகுப்பிற்குப் பயன்பட்டன. பின்னர்ச் சிறுவர்களுக்கும் அணிகள் அமைந்தன. தேவாலயங்களும் சாரணர் இயக்கமும் அவற்றை வளர்த்தன. பொருளாதார நெருக்கடியில் நாடு துவண்டிருந்த 1934ஆம் ஆண்டில், நியூஜெர்சி மாநிலத்தின் கார்ஃபீல்டு என்னும் சிற்றூரில், ஒரு கத்தோலிக்கப் பங்கின் சிறுவர்களைக் கொண்டு ‘ஹோலி நேம் கடெட்ஸ்’ என்ற பெயரில் இவ்வணி பிறந்தது. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி மாணவரின் உடையைத் தழுவிய அரக்குநிற மேலங்கி, மார்பில் குறுக்காகச் செல்லும் வெண்பட்டைகள், உயர்ந்த தொப்பி ஆகியவை இதன் அடையாளங்களாயின. தேவாலயத் தொடர்பு நீங்கிய பின் இது ஊரின் பெயரைத் தாங்கிக் ‘கார்ஃபீல்டு கடெட்ஸ்’ ஆயிற்று.

கருவியும் கட்டுப்பாடும்

பழைய பியூகிளில் வால்வு கிடையாது. ஊதுபவரின் உதட்டு இறுக்கத்தாலும் மூச்சின் விசையாலும் மட்டுமே சுரம் மாறும். எனவே கிடைக்கும் சுரங்கள் மிகச் சிலவே. இச்சிறுமையே இக்கலையின் யாப்பாயிற்று. தளையும் சீரும் புலவனைக் கட்டுவன போலத் தோன்றி அவனைக் கூர்மையாக்குவது போல, சில சுரங்களுக்குள் நின்றே பல குரல்களை இணைத்து இசையமைக்கும் திறன் இங்கே வளர்ந்தது. விதிகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. ஒரு வால்வு வந்தது, பின்னர் இரண்டு, 1990இல் மூன்று. ‘ஜி’ சுருதிப் பியூகிளே வேண்டும் என்ற கட்டாயமும் 2000இல் நீங்கியது.

மதிப்பீட்டு முறையும் படைமுறையைச் சார்ந்தே இருந்தது. நடுவர்கள் கையில் தாளோடு களத்தினுள் அணியினூடே நடந்து, ஒவ்வொரு பிழைக்கும் பத்தில் ஒரு புள்ளியைக் குறைத்தனர். வரிசையினின்று பிறழ்ந்த கால், தாளம் தவறிய குச்சி, பிசகிய சுரம் என எல்லாம் கணக்கில் ஏறின. குற்றம் எண்ணும் இம்முறையில் துணிந்து புதுமை செய்பவன் தோற்பான். அஞ்சி அடங்கி நடப்பவன் வெல்வான். புலவர் பெருமக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

படைமுறையினின்று விலகல்

வியட்நாம் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1971ஆம் ஆண்டு இத்துறையின் திருப்புமுனை எனலாம். அவ்வாண்டு மேடிசன் ஸ்கௌட்ஸ் அணி ஒரு கற்பனைக் கதையையும், கேவலியர்ஸ் அணி சர்க்கஸையும் களத்திற்குக் கொணர்ந்தன. கார்ஃபீல்டு இளைஞர்களோ ‘இனிப் போர் வேண்டா’ என்பதையே தம் நிகழ்ச்சியின் பொருளாக்கிக் களத்தில் அமைதிச் சின்னத்தை உருவாக்கி நின்றனர். போர்வீரர் சங்கங்கள் ஈந்த கருவிகளைக் கொண்டே, படையுடை அணிந்தே, போரை மறுத்துரைத்தனர். முரசுகட்டிலில் புலவன் துயின்றது போன்ற நிகழ்ச்சி இது.

விதிகளை வகுக்கும் உரிமையும் பயணச் செலவிற்கேற்ற ஊதியமும் வேண்டி, முன்னணி அணிகள் அவ்வாண்டே இரு கூட்டணிகளாகத் திரண்டன. கிழக்குப் பகுதிக் கூட்டணியில் கார்ஃபீல்டும் இருந்தது. இவ்வெழுச்சியின் விளைவே ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ என்னும் அமைப்பு. அதன் முதற் போட்டி 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டர் நகரில் நடந்தது.

உயர்வு

தொடக்கத்தில் மேற்கு, நடுமேற்குப் பகுதி அணிகளே வாகை சூடின. கிழக்கிலிருந்து முதன்முதலாக வென்றது கார்ஃபீல்டு கடெட்ஸ், ஆண்டு 1983. அவ்வெற்றியின் சிறப்பு புள்ளிகளில் இல்லை, களக்கோலத்தில் உள்ளது. அதுவரை களத்தின் நடுக்கோட்டிற்கு இருபுறமும் ஒத்த வடிவங்களே வழக்கம். ஜார்ஜ் சிங்காலி என்னும் வடிவமைப்பாளர் அச்சமச்சீரை உடைத்தார். வளைகோடுகள் ஒன்றையொன்று ஊடுருவ, நேர்கோடு நெகிழ்ந்து சுழிய, இளைஞர்கள் ஊதிக்கொண்டே ஏறக்குறைய ஓடினர். குற்றம் எண்ணும் முறை நடப்பில் இருந்த இறுதி ஆண்டிலேயே, குற்றத்திற்கு அஞ்சாத இவ்வாட்டம் வென்றது. 1984இல் அம்முறை கைவிடப்பட்டது. அவ்வாண்டு பெர்ன்ஸ்டைனின் ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’ இசையோடும், தொடர்ந்து 1985இலும் வென்று, அடுத்தடுத்து மூன்று பட்டங்களை ஈட்டிய முதல் அணியாகக் கார்ஃபீல்டு நிலைபெற்றது. கோப்லண்டின் இசையோடு 1987இலும், பின்னர் 1990, 1993, 1998, 2000, 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலும் வென்றதால் பட்டங்கள் பத்தாயின.

இவற்றை ஈட்டியோர் அனைவரும் இளையோர். வயது வரம்பு எட்டியவுடன் விலகியாக வேண்டும். கோடை முழுதும் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று, பள்ளிக் கூடங்களின் தரையில் துயின்று, பகலெல்லாம் வெயிலில் பயின்று, மாலையில் பன்னிரண்டு நிமிட அளவில் ஒரு நிகழ்ச்சியை நிகழ்த்துவது அவர்தம் வாழ்வு. ஆள் மாறினும் அணி நீடித்தது.

முடிவு

தோல்வியால் இவ்வணி அழியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அணியை நடத்திய இயக்குநர் தம்மிடம் பாலியல் அத்துமீறல் புரிந்ததாக ஒன்பது பெண்கள் கூறியதை 2018 ஏப்ரலில் ‘பிலடெல்பியா இன்குவைரர்’ நாளிதழ் வெளியிட்டது. அவர் பதவி விலகினார். 1980களின் தொடக்கத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் கொடுமை குறித்து முன்னாள் உறுப்பினர் ஒருவர் தொடுத்த வழக்கு பின்னர் வந்தது. அதன் பொருட்சுமையைத் தாங்கவியலாது என அறிவித்து, 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தொண்ணூறாம் ஆண்டில், அணி தன் பணியை நிறுத்திக்கொண்டது.

வழக்குக் கூறும் காலத்தையும் முதல் வெற்றியின் காலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். அரங்கம் எழுந்து நின்று கைதட்டிய ஆண்டுகளுக்கு மிக அணுக்கமான ஆண்டுகள் அவை. அணி தன் இசையினின்று படைமுறையைக் களைந்தது, ஆட்டத்தினின்றும் களைந்தது. ஆயின் தலைவனை வினவாத படைப்பணிவை மட்டும் தன் ஆட்சிமுறையில் வைத்துக்கொண்டது என்பது என் துணிபு. களத்தில் பிறழ்ந்த ஒவ்வொரு காலடியையும் எண்ணிய ஓர் உலகம், களத்திற்கு வெளியே இளையோர்க்கு நேர்ந்த தீங்கை எண்ணுவதற்கு ஒரு நடுவரையும் அமர்த்தவில்லை.

வழக்கினால் ஒரு கலை மாண்டது என வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தின் நேர்மையை நான் ஐயுறவில்லை. எனினும் முறையீட்டைக் குறைகூறுதல் முறையன்று. நாற்பது ஆண்டுகள் தாழ்ந்து வந்த குரல் என்பதாலேயே அது சுமையாயிற்று. உரிய காலத்தில் கேட்கப்பட்டிருப்பின் பெண்களும் காக்கப்பட்டிருப்பர், அணியும் எஞ்சியிருக்கும்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டமும் இளையோரை நம்பி வாழ்வதே. அவர்கள் நம் முன் நின்று கவிதை படிக்கின்றனர். நாம் ஓசை தவறிய இடத்தைச் சுட்டுகின்றோம். அவர்கள் கவிதை தவிர வேறொன்று சொல்ல வரும் நாளில் அதனையும் கேட்கும் செவி நமக்கு இருத்தல் வேண்டும். பெருஞ்சேரல் இரும்பொறையின் பெருமை முரசைக் காத்ததில் இல்லை. அதன் கட்டிலில் கிடந்த மனிதனைக் காத்ததில் இருக்கின்றது.