பல்செட்டுக்கு அடியில் ஒரு சரித்திரம்

போன வாரம் கனகம்மாசத்திரம் டீக்கடையில் ஒரு பழைய நண்பர் என் வாயையே உற்றுப் பார்த்தார். "உனக்கென்னப்பா, ஸ்க்ரூ போட்ட பல்லு. சொத்தையா, கூச்சமா? இனிமே கவலையே இல்ல" என்றார். நானும் நாலு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட். அவற்றின் தலையில் பல்செட் டிச் பட்டன் மாதிரி 'டக்'கென்று உட்காரும். வேர்க்கடலை, முறுக்கு எல்லாம் மறுபடியும் என் வாழ்க்கையில் வந்தன. பொருத்திய இடத்தில் காசு எவ்வளவு என்று விவரமாகச் சொன்னார்கள். எப்படிச் சுத்தம் செய்வது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரியும் கழற்றாமலே தூங்குவேன். போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடிக் கூட்டம் பார்த்துவிட்டு வந்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் சிவப்பாக வந்தது. திருவள்ளூரில் ஒரு இளம் பல் டாக்டர் பார்த்துவிட்டு, "பல்லுதான் போச்சு ஐயா, ஈறு போகலையே. இப்படியே விட்டா எலும்பு கரைஞ்சு ஸ்க்ரூவும் ஆடிடும்" என்றார். அந்த பயத்தில்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

1952-ல் சுவீடனில் பெர் இங்வார் பிரோனிமார்க் என்ற டாக்டர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் காலெலும்பில் ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டுவிட்டது. அவர் தேடிப்போனது ரத்த ஓட்டத்தை, கிடைத்ததோ நமக்குப் பல். 1965-ல் கோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நாலு டைட்டானிய வேர்களைப் பொருத்தினார். 2006-ல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அவை அவர் வாயிலேயே இருந்தன.

இம்ப்ளாண்ட் விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் கதை இது. அதே 1965-ல் பக்கத்து நாடான டென்மார்க்கில் நடந்த இன்னொன்றை அவர்கள் சொல்வதில்லை. ஹரால்டு லோ என்ற நார்வேக்காரர், நல்ல ஈறு உள்ள 12 பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களை, பல் விளக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்கத் தொடங்கியதும் சில நாளில் சரியாகிவிட்டது. வயசு, சத்துக்குறைவு, உடம்புச் சூடு என்று ஆளாளுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பல்லின் ஓரத்தில் படியும் கிருமிப் படலமே போதும் என்று அவர் காட்டினார்.

அடுத்து அவர் வந்த இடம் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 1970-ல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளிகளின் வாயைச் சோதித்தார். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து போன நம் தமிழ் ஜனங்களின் வாரிசுகள் உழைத்த தோட்டங்கள் அவை. பிரஷ் கிடையாது, பல் டாக்டர் கிடையாது. 1985 வரை திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். சொத்தைப் பல் அநேகமாக இல்லை, ஈறு வீக்கம் மட்டும் எல்லோருக்கும். ஆனால் நூற்றுக்கு 8 பேருக்குப் பல்லைப் பிடித்திருக்கும் பிடிமானம் மளமளவென்று அழிந்தது. 81 பேருக்கு மெதுவாக. 11 பேருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது.

உலகம் முழுக்க ஈறு வைத்தியம் படிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தால் அந்த ஜனங்களில் லட்சக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி இங்கே அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்களும் அவைதான். எடுத்த அளவெல்லாம் அவர்கள் வாயில். பலன் நம் வாயில். எனக்கு அதைப் படித்தபோது மனசு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இனி ஸ்க்ரூவுக்கு வருகிறேன். சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள்ளேயே புகுந்து பிடித்திருக்கும். டைட்டானியத்தில் அப்படிப் புகாது. சட்டைக் கழுத்து மாதிரி சுற்றி நிற்கும், அவ்வளவுதான். அதனால் கிருமி உள்ளே இறங்குவது சுலபம். 1994-ல் இத்தாலியில் இம்ப்ளாண்ட் போட்ட 20 பேரை மூன்று வாரம் விளக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். லோ கண்ட அதே வீக்கம். சொத்தை வராது என்று நண்பர் சொன்னது சரி. ஈறுக்கு அந்தச் சலுகை இல்லை.

என் தாத்தா கடைசிக் காலத்தில் பொக்கை வாய். வெற்றிலையைச் சின்ன இரும்பு உரலில் இடித்துத்தான் போடுவார். அவருக்கு ஆலங்குச்சி, வேப்பங்குச்சி, கடைசியில் வெறும் விரல். எனக்கோ ஒரு சின்னக் கடையே இருக்கிறது. ஸ்க்ரூவின் தலையைச் சுற்றித் தேய்க்க ஒற்றைக் குஞ்சம் வைத்த குட்டி பிரஷ், ஈறைத் தடவிவிட மெல்லிய பிரஷ், பல்செட்டுக்குத் தனியாக ஒன்றும் சோப்புத் தண்ணீரும். பல்பொடி, உப்பு, கரி எதுவும் பல்செட்டில் படக்கூடாது. கீறல் விழுந்தால் அதில்தான் அழுக்கு குடியேறும். கொதிக்கும் தண்ணீரும் ஆகாது, செட் வளைந்துவிடும். எனக்குச் சர்க்கரை இருப்பதால் அதையும் கட்டுக்குள் வைக்கச் சொன்னார் டாக்டர். வெற்றிலை பாக்கு போச்சு. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் திருவள்ளூர் பஸ்.

ராத்திரி பல்செட் எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது. முதல் நாள் வீட்டுக்காரி அதைக் குடிதண்ணீர் என்று கையில் எடுத்துவிட்டாள். இப்போது டம்ளருக்கு ஒரு மூடி போட்டாயிற்று.