பூட்டிய கணினியும் அதிகாலை 3 மணியும்

பள்ளிக் கணினி ஒருவருடையது அல்ல. பல கைகள் மாறும். எனவே மாணவர் கணக்கில் எதையும் நிறுவ முடியாதபடி பூட்டி வைக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் வைரஸ் நுழையும் ஓட்டையை அடைக்க வரும் அப்டேட்டும் அதே பூட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

விண்டோஸ் 98 காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் பூட்டே இல்லை! உட்கார்ந்தவர்தான் ராஜா. 2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்த பிறகே 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'லிமிடெட்' என்ற பிரிவினை சாதாரணக் கணினிகளுக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய் அப்டேட் போட அட்மின் கணக்கு வேண்டியிருந்தது.

இதற்கான விலை 2003-ல் தெரிந்தது. ஜூலை 16 அன்று ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மருந்து வெளியிட்டது. ஆகஸ்ட் 11 அன்று அதே ஓட்டை வழியே பிளாஸ்டர் புழு கிளம்பியது. நடுவில் கிட்டத்தட்ட நான்கு வாரம் இருந்தும் எண்ணற்ற கணினிகளில் மருந்து போடப்படவில்லை.

2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2, தானியங்கி அப்டேட்டை முன்னே நிறுத்தியது. இது மாணவர் கணக்கில் ஓடுவதில்லை, 'சிஸ்டம்' என்ற உள் கணக்கில் ஓடுகிறது. அட்மின் ஒருமுறை அனுமதித்தால் போதும், பிறகு யார் உட்கார்ந்திருந்தாலும் கடவுச்சொல் கேட்காது. அழகான ஏற்பாடு. ஆனால் அதற்கு வைத்த நேரம் தினமும் அதிகாலை 3 மணி!

சேலம் மாவட்டத்தின் தம்மம்பட்டி போன்ற ஊரில் அந்த நேரத்தில் எந்தப் பள்ளிக் கணினி ஓடும்? அறை பூட்டியிருக்கும், மெயின் ஸ்விட்சும் அணைந்திருக்கும். தவறிய அப்டேட் மறுநாள் கணினியைப் போட்ட ஒரு நிமிடத்தில், அதாவது பாடவேளையில், தொடங்கும். எரிச்சலில் அதை அணைத்து வைத்தவர்களைக் குறை சொல்ல முடியுமா? 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே 2008-ல் வந்த கான்ஃபிக்கர் புழுவுக்கு ஒரு மாதம் முன்பே மருந்து இருந்தது. போடாத கணினிகளில் அது புகுந்தது. பின்னர் வந்த அதன் வகை தானியங்கி அப்டேட்டையே நிறுத்தியது, பென் டிரைவிலும் பரவியது.

லினக்ஸ் பக்கம் வழி சுலபம். உமாசங்கர் தலைமையில் எல்காட் சூசே லினக்ஸைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக முயன்றதும், சென்னை சி-டாக் பாஸ் லினக்ஸை வெளியிட்டதும் 2007-ஐ ஒட்டித்தான். பாஸின் தாயான டெபியனில் ரூட் கணக்கின் 'கிரான்' நேரப்படி வேலை செய்யும். கணினி அணைந்திருந்து தவறிய வேலையை 'அனாகிரான்' பிறகு முடிக்கும்.

பூட்டைச் சுற்றிப் போனது கூகுள். 2008 செப்டம்பரில் வந்த குரோம் பயனரின் சொந்த ஃபோல்டரிலேயே நிறுவிக்கொண்டு, தானே அப்டேட் ஆனது. அட்மின் தேவையில்லை. ஆனால் பத்து கணக்குக்குப் பத்து குரோம்! யார் லாகின் செய்யவில்லையோ அவருடையது பழையதாகவே கிடக்கும். 2010 டிசம்பரில் எல்லாக் கணக்குக்கும் பொதுவாக நிறுவும் எம்எஸ்ஐ கோப்பை கூகுள் வெளியிட்டது. அதை நிறுவ மறுபடியும் அட்மின் கடவுச்சொல் தேவைப்பட்டது.