விங்கிஃபை

விங்கிஃபை என்பது இணையத்தளங்களைச் சோதித்து மேம்படுத்தவும், வருகையாளருக்கு ஏற்றவாறு அவற்றை மாற்றிக் காட்டவும் உதவும் மென்பொருளை உருவாக்கும் இந்திய நிறுவனம் ஆகும். இதன் முதன்மை மென்பொருள் விசுவல் வெப்சைட் ஆப்டிமைசர், இது வி.டபிள்யூ.ஓ. என்னும் சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. பராசு சோப்ரா என்பவரால் 2009 ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், ஏறத்தாழ 15 ஆண்டுகள் வெளி முதலீடு எதனையும் பெறாமல், வாடிக்கையாளர் செலுத்திய கட்டணத்தைக் கொண்டே வளர்ந்தது.

வரலாறு

பராசு சோப்ரா தில்லிப் பொறியியல் கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் பயின்றவர். பணியில் இருந்தவாறே ஓய்வு நேரத்தில் இம்மென்பொருளை எழுதத் தொடங்கினார். முதல் வடிவத்தில் சோதனை, வருகையாளரைப் பிரிவுகளாக வகுத்தல், பிரிவுக்கேற்ற பக்கத்தைக் காட்டல், பகுப்பாய்வு ஆகிய அனைத்தும் ஒன்றாக இடம்பெற்றிருந்தன. அதனைப் பார்வையிட்டோர், பயன்படுத்தக் கடினமாக உள்ளது எனக் கருத்துத் தெரிவித்தனர். எனவே அவர் பெரும்பாலான வசதிகளைக் கைவிட்டு, ஏ/பி சோதனை என்னும் ஒன்றை மட்டும் எளிய முறையில் தரும் புதிய மென்பொருளை எழுதினார். அதன் சோதனை வெளியீடு 2009 இறுதியில் வந்தது. 2010 இல் கட்டணச் சேவை தொடங்கியது. இணை நிறுவனரான இசுபர்சு குப்தா பின்னர் நிறுவனத்தின் முதன்மைச் செயல் அலுவலர் ஆனார்.

அக்காலத்தில் கூகுள் நிறுவனம் வெப்சைட் ஆப்டிமைசர் என்னும் சோதனைக் கருவியை இலவசமாக வழங்கி வந்தது. அதனைப் பயன்படுத்த நிரலரின் உதவி தேவைப்பட்டது. விங்கிஃபையின் கருவியிலோ, நிரல் அறியாதவரும் பக்கத்தைத் திரையில் பார்த்தவாறே தலைப்பு, படம், பொத்தான் ஆகியவற்றை மாற்ற முடிந்தது. இலவசக் கருவி இருந்தும் கட்டணக் கருவிக்கு வாடிக்கையாளர் கிடைத்தமைக்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும். கூகுளின் கருவி 2012 இல் நிறுத்தப்பட்டது.

செயற்படும் முறை

இணையத்தளத்தின் உரிமையாளர் தமது பக்கத்தில் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் துண்டு ஒன்றைச் சேர்ப்பார். வருகையாளரின் உலாவியில் பக்கம் திறக்கும்போது, இந்நிரல் அவரைத் தற்செயல் முறையில் ஒரு பிரிவில் சேர்த்து, அப்பிரிவுக்குரிய வடிவத்தைக் காட்டும். மீண்டும் வரும்போது அதே வடிவம் தெரிவதற்காக, அவரது உலாவியில் குக்கி சேமிக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வடிவத்தைக் கண்ட 1000 பேரில் 20 பேரும், மற்றொன்றைக் கண்ட 1000 பேரில் 30 பேரும் பொருள் வாங்கினர் எனக் கொள்வோம். இரண்டாவதே சிறந்தது எனத் தோன்றினும், இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கலாம். ஆகவே புள்ளியியல் கணிப்பு தேவைப்படுகிறது. விங்கிஃபை 2015 இல் பேயிசு முறையிலான கணிப்புக்கு மாறியது. இம்முறை, ஒரு வடிவம் மற்றதைவிடச் சிறந்ததாக இருப்பதற்கான நிகழ்தகவை நேரடியாகத் தருவதால், புள்ளியியல் பயிலாதவரும் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

தனிப்பயனாக்கம்

சோதனையின் நோக்கம் அனைவருக்கும் ஏற்ற ஒரு வடிவத்தைக் கண்டறிவது. தனிப்பயனாக்கம் என்பது வெவ்வேறு பிரிவினருக்கு வெவ்வேறு வடிவத்தைக் காட்டுவது. ஒரு புடவைக் கடையின் தளம் சிங்கப்பூரிலிருந்து வருபவருக்கு விலையைச் சிங்கப்பூர் வெள்ளியிலும், தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு ரூபாயிலும் காட்டுவது இதற்கு எடுத்துக்காட்டு. இடம், கருவி வகை, எந்தத் தளத்திலிருந்து வந்தார், முன்பு வந்தவரா என்பன பிரிப்பதற்குரிய அடிப்படைகள் ஆகும். தொடக்கத்தில் கைவிட்ட இவ்வசதியை விங்கிஃபை பின்னாளில் தனிக் கூறாகத் தன் மென்பொருளில் மீண்டும் சேர்த்தது.

ஐ.பி. முகவரியைக் கொண்டு இடத்தை அறிவது முற்றிலும் துல்லியமானதன்று. நெய்வேலியை அடுத்த வளையமாதேவியிலிருந்து கைப்பேசி வழியாகத் தளத்தைப் பார்ப்பவர், இணையச் சேவை வழங்குநரின் முகவரி காரணமாகச் சென்னையில் இருப்பவராகக் கணிக்கப்படலாம். அவருக்குக் காட்டப்படும் விநியோக நாளும் கட்டணமும் அதனால் தவறாகலாம். பெருநகரங்களைவிடச் சிற்றூர்களிலேயே இத்தகைய பிழை ஏற்பட வாய்ப்பு மிகுதி.

தனியுரிமை

வருகையாளரின் நடத்தையைப் பதிவு செய்வதால் இத்துறை தனியுரிமைச் சட்டங்களுக்கு உட்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது.

போட்டியாளர்கள்

அமெரிக்காவின் ஆப்டிமைசிலி 2010 இல் தொடங்கப்பட்டது. கூகுள் பின்னர் வெளியிட்ட கூகுள் ஆப்டிமைசு 2023 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த சோகோ நிறுவனம், சோதனையும் தனிப்பயனாக்கமும் கொண்ட பேஜ்சென்சு மென்பொருளை வழங்குகிறது.

உரிமை மாற்றம்

2025 சனவரியில் எவர்சுடோன் கேப்பிட்டல் என்னும் முதலீட்டு நிறுவனம் 20 கோடி அமெரிக்க டாலருக்கு விங்கிஃபையின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. வெளி முதலீடு பெறாத நிறுவனம் என்னும் நிலை இத்துடன் முடிவுற்றது.

இவற்றையும் பார்க்க

ஏ/பி சோதனை
குக்கி
சோகோ