கொல்கத்தா காற்பந்துக் கழகங்களின் வரலாறு

கொல்கத்தா காற்பந்துக் கழகங்களின் வரலாறு என்பது இந்தியாவின் மேற்கு வங்காள மாநிலத் தலைநகரான கொல்கத்தாவில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தோன்றி வளர்ந்த காற்பந்துக் கழகங்களைப் பற்றியதாகும். ஊக்ளி ஆற்றின் இருகரைகளிலும் சணல் ஆலைகள் நிறைந்திருந்த இத்தொழில் நகரில், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றும் முதன்மையான கழகங்களாக விளங்குகின்றன. இவை முறையே மேற்கு வங்காளத்தின் பூர்வீகக் குடிகள், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தோர், இசுலாமியர் ஆகியோரின் அடையாளங்களாகவும் கருதப்பட்டு வந்துள்ளன.

தோற்றம்

இந்தியாவிற்குக் காற்பந்தாட்டத்தைக் கொண்டு வந்தவர்கள் பிரித்தானியப் படைவீரர்களும் வணிகர்களும் ஆவர். 1870களில் இயங்கிய கல்கத்தா காற்பந்துக் கழகம் உண்மையில் ரக்பி ஆடிய கழகமாகும். உறுப்பினர் குறைந்து அது கலைக்கப்பட்டபோது, வங்கிக் கணக்கில் எஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்யப்பட்டது. கல்கத்தா கிண்ணம் எனப்படும் அதற்காக இங்கிலாந்தும் இசுக்காட்லாந்தும் இன்றும் ரக்பி ஆடி வருகின்றன.

இந்தியர்களிடையே இவ்விளையாட்டைப் பரப்பியவர்களில் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி முதன்மையானவர். 1880களில் அவர் தொடங்கிய சோபாபசார் கழகம், 1892 ஆம் ஆண்டு டிரேட்ஸ் கிண்ணப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவை வென்றது. ஐரோப்பிய அணியொன்றை இந்திய அணி வீழ்த்திய தொடக்ககால நிகழ்வாக இது குறிப்பிடப்படுகிறது.

1893 இல் இந்தியக் காற்பந்துச் சங்கம் (ஐ.எஃப்.ஏ.) நிறுவப்பட்டது. பெயரில் இந்தியா என்று இருப்பினும் இது வங்காளக் காற்பந்தையே நிர்வகிக்கிறது. அதே ஆண்டில் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியும், 1898 இல் கல்கத்தா காற்பந்துக் கூட்டிணைவும் தொடங்கப்பட்டன. கூட்டிணைவு பல ஆண்டுகள் ஐரோப்பிய அணிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1914 இல் இரண்டாம் பிரிவில் இந்திய அணிகள் சேர்க்கப்பட்டன. பின்னரும் முதற் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இடமில்லை என்ற கட்டுப்பாடு சில காலம் நீடித்தது.

மோகன் பகானும் 1911 வெற்றியும்

மோகன் பகான் கழகம் ஆகஸ்ட் 15, 1889 அன்று வடகொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. ஜூலை 29, 1911 அன்று நடைபெற்ற ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் இக்கழகம் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்றது. முதலில் படைப்பிரிவே கோல் அடித்தது. பின்னர் அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி சமன் செய்ய, அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். மோகன் பகான் வீரர்களில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். சுதிர் சாட்டர்ஜி ஒருவரே காலணி அணிந்திருந்தார்.

1905 இல் நிகழ்ந்த வங்காளப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சி ஓயாத காலம் அது. எனவே இவ்வெற்றி விளையாட்டைக் கடந்து ஓர் அரசியல் நிகழ்வாகவே பார்க்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிரிவினை கைவிடப்பட்டது. தலைநகரும் தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. இவற்றைக் காற்பந்து வெற்றியுடன் இணைத்துக் கூறும் வழக்கம் உண்டு. எனினும் இம்முடிவுகளுக்கு வேறு நிர்வாகக் காரணங்கள் இருந்தன. ஜூலை 29 இன்றும் மோகன் பகான் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

முகம்மதன் ஸ்போர்ட்டிங்

1891 இல் தொடங்கப்பட்ட இக்கழகம், 1934 இல் கல்கத்தா கூட்டிணைவை வென்ற முதல் இந்திய அணியாகியது. தொடர்ந்து 1938 வரை ஐந்து முறை பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டது. மழைக்காலச் சேற்றில் ஏனைய இந்திய அணிகள் வெறுங்காலுடன் தடுமாற, இவ்வணியினர் இலகுவான காலணிகளை அணிந்து ஆடியது இதற்கு ஒரு காரணமாகும். 1940 இல் டுராண்ட் கிண்ணத்தையும் வென்றது. 1947 நாட்டுப் பிரிவினையின்போது ஆதரவாளர் பலர் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றதால் கழகம் நலிவுற்றது.

ஈஸ்ட் பெங்கால்

ஜோராபாகான் கழகத்தின் நிர்வாகியான சுரேஷ் சந்திர சௌத்ரி, கிழக்கு வங்காள வீரர் ஒருவர் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சேர்க்கப்படாததை எதிர்த்து விலகினார். அவரும் நண்பர்களும் ஆகஸ்ட் 1, 1920 அன்று ஈஸ்ட் பெங்கால் கழகத்தைத் தொடங்கினர். கூட்டிணைவில் இரு கழகங்களும் முதன்முதலாக மே 28, 1925 அன்று மோதின. ஈஸ்ட் பெங்கால் 1-0 என வென்றது.

1947 இற்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வீடு, நிலம் இழந்து வந்த அகதிகளுக்கு இக்கழகம் ஒரு பற்றுக்கோடாக அமைந்தது. ஊரை இழந்தவர்களுக்கு ஊரின் பெயர் கழகத்தின் பெயரில் எஞ்சியிருந்தது. 1949 முதல் 1953 வரை வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐந்து முன்கள வீரர்கள் 'பஞ்ச பாண்டவர்' என அழைக்கப்பட்டனர். ஐவரும் தென்னிந்தியர் என்பது குறிப்பிடத்தக்கது.

கழகப் போட்டி

மேற்கு வங்காளத்தவர் 'கோட்டி' எனவும் கிழக்கு வங்காளத்தவர் 'பாங்கால்' எனவும் அழைக்கப்படுகின்றனர். மோகன் பகான் வென்றால் இறாலும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் (உள்ளம்) மீனும் வாங்கிச் சமைப்பது மரபு.

1970 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஆறு முறை கூட்டிணைவை வென்றது. 1975 ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5-0 எனத் தோற்கடித்தது. 1977 இல் பெலே இடம்பெற்ற நியூயார்க் காஸ்மோஸ் அணியுடன் மோகன் பகான் ஈடன் தோட்டத்தில் 2-2 எனச் சமன் செய்தது. 1997 கூட்டமைப்புக் கிண்ண அரையிறுதியில் ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்ற ஆட்டத்தை சால்ட் லேக் அரங்கில் ஏறத்தாழ 1,31,000 பேர் கண்டனர். அதில் பைச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடித்தார்.

ஈடன் தோட்ட விபத்து

ஆகஸ்ட் 16, 1980 அன்று ஈடன் தோட்டத்தில் நடைபெற்ற ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் கூட்டிணைவு ஆட்டத்தில் வீரர்களுக்கிடையே எழுந்த மோதல் பார்வையாளர் பகுதிக்கும் பரவியது. நெரிசலில் 16 இரசிகர்கள் உயிரிழந்தனர். இரு கழகத்தினரும் ஒரே மாடத்தில் அமர்ந்திருந்தனர். அந்நாள் ஆண்டுதோறும் காற்பந்து இரசிகர் நாளாக நினைவுகூரப்படுகிறது. அன்று குருதிக்கொடை முகாம்கள் நடத்தப்படுகின்றன.

நிறுவன அணிகள்

கூட்டிணைவுப் பட்டம் பெரும்பாலும் மூன்று பெரிய கழகங்களிடமே இருந்து வந்தது. 1958 இல் பி. கே. பானர்ஜி ஆடிய கிழக்கு இரயில்வே அணி இதை மாற்றியது. அதன்பின் 61 ஆண்டுகள் கழித்து, 2019 இல் பியர்லெஸ் அணியே மூன்று கழகங்களுக்கு வெளியிலிருந்து பட்டம் வென்றது.

தற்காலம்

1996 இல் தேசியக் கூட்டிணைவு தொடங்கியபின் நகரக் கூட்டிணைவின் முதன்மை குறைந்தது. 2003 இல் ஈஸ்ட் பெங்கால் ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கிண்ணத்தை வென்றது. 2014 இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது பழைய கழகங்கள் அதில் இல்லை; புதிதாக உருவாக்கப்பட்ட அட்லெட்டிகோ டி கொல்கத்தா அணி முதல் பட்டத்தை வென்றது. 2020 இல் இந்நிறுவனமும் மோகன் பகானின் காற்பந்துப் பிரிவும் இணைந்து ஏ.டி.கே. மோகன் பகான் ஆயின. நூற்றாண்டு கடந்த பெயருக்கு முன் வணிகப் பெயர் வருவதை இரசிகர்கள் தொடர்ந்து எதிர்த்தனர். 2023 இல் அது நீக்கப்பட்டு மோகன் பகான் சூப்பர் ஜயண்ட் எனப் பெயர் மாற்றப்பட்டது. இவ்வணி 2024-25 பருவத்தில் கேடயம், கிண்ணம் இரண்டையும் வென்றது. ஈஸ்ட் பெங்கால் 2020 இலும், முகம்மதன் ஸ்போர்ட்டிங் 2024 இலும் சூப்பர் லீக்கில் இணைந்தன.

இவற்றையும் பார்க்க

- கல்கத்தா காற்பந்துக் கூட்டிணைவு
- ஐ.எஃப்.ஏ. கேடயம்
- டுராண்ட் கிண்ணம்
- சால்ட் லேக் அரங்கம்