குடிபெயர்வுச் சீட்டும் நிலப்பட்டாவும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை வட்டாரங்களின் கடல்கடந்த பயண ஆவணங்கள்

வெளிநாட்டுக்குப் படிக்கவோ பணிபுரியவோ செல்ல விரும்புபவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது கடவுச்சீட்டு, கல்விச் சான்று, வங்கி இருப்பு, பெற்றோரின் சொத்து விவரம் ஆகியவற்றைத் திரட்ட வேண்டியுள்ளது. விசா அயல்நாட்டு அரசொன்று தரும் இசைவே ஆயினும், அதனைப் பெறும் தகுதி விண்ணப்பிப்பவரைப் பற்றி உள்ளூரில் முன்னரே எழுதப்பட்டுள்ள தாள்களைப் பொறுத்தது. அத்தாள்கள் யாருக்கு, எப்போது, எதன்பொருட்டு எழுதப்பட்டன என்பதை ஒரே மாவட்டத்தின் சமவெளியையும் மலையையும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கள்ளக்குறிச்சி நெடுங்காலம் தென்னாற்காடு மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்தது. 1993-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விழுப்புரத்தைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. ஆகவே பழைய ஆவணங்களில் இவ்வட்டாரத்தைத் தேடுவோர் தென்னாற்காடு என்னும் பெயரின் கீழேயே தேட வேண்டும். இப்பெயர் இன்றைய நிலப்படத்தில் இல்லை. ஆயினும் இருவகை ஆவணங்களில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. அவற்றுள் ஒன்று கடலுக்கு அப்பால் உள்ளது. மற்றொன்று இந்தியச் சட்டத்தில் உள்ளது.

சீட்டில் எழுதப்பட்ட உடல்

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1834-இல் சட்டப்படி முடிவுக்கு வந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்படலாயினர். 1837-ஆம் ஆண்டின் சட்டம், செல்பவரும் அழைத்துச் செல்லும் முகவரும் எழுத்து வடிவ ஒப்பந்தத்துடன் அரசு அலுவலர் முன் நிற்க வேண்டும் என விதித்தது. 1883-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இந்நடைமுறையை விரிவாக்கியது. ஆள் சேர்ப்பவருக்கு உரிமம் வேண்டும். சேர்க்கப்பட்டவர் பதிவு அலுவலரால் விசாரிக்கப்பட வேண்டும். துறைமுகத்தில் 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்னும் அலுவலரின் ஒப்பம் வேண்டும்.

இவ்வாறு வழங்கப்பட்டதே குடிபெயர்வுச் சீட்டு. பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளங்கள் ஆகியவை அதில் இடம்பெற்றன. நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பட்டியல்களில் வட்டத்தைக் குறிக்கும் பத்தியின் தலைப்பு 'தாணா' என்றிருக்கும். வங்காளத்தில் காவல் நிலைய எல்லையைக் குறிக்கும் இச்சொல்லின் கீழேயே தமிழ் வட்டங்களின் பெயர்களும் எழுதப்பட்டன. கல்கத்தாவில் வகுக்கப்பட்ட படிவத்துக்குள் தென்னாற்காட்டு ஊர்கள் பொருத்தப்பட்டதற்கு இச்சிறு சொல் சான்று.

1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து 342 பேருடன் 'துரூரோ' என்னும் கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் எண்ணிக்கை 1,52,184 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். 1903 முதல் ஃபிஜிக்கும் சென்னையிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. தென்னாற்காட்டின் பெயர் இப்பட்டியல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் பிரெஞ்சுப் புதுச்சேரி இருந்தமையால் ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கும் ஒரு வழி திறந்திருந்தது. பிரித்தானிய இந்தியக் குடிகளை அத்தீவுகளுக்குச் சேர்க்க 1860, 1861 ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இசைவளித்தன. 1876–78 பெரும்பஞ்சம் இவ்வழிகள் அனைத்திலும் கூட்டத்தைப் பெருக்கியது.

இச்சீட்டு தொழிலாளியின் நலனுக்காக எழுதப்பட்டதெனக் கொள்ள இயலாது. தப்பியோடினால் பிடிப்பதற்கும், ஒப்பந்தக் காலத்தைக் கணக்கிடுவதற்கும், இறந்தால் கணக்கை முடிப்பதற்கும் அது பயன்பட்டது. 'இடது முழங்காலில் தழும்பு' என்பது போன்ற குறிப்பு ஒரு மனிதரை அறிந்துகொள்ள எழுதப்படுவதில்லை. எனினும் சேரியிலும் குடிசையிலும் வாழ்ந்து, நிலவரிக் கணக்கிலோ கோயில் கல்வெட்டிலோ இடம்பெற வாய்ப்பற்றிருந்த ஆண்களையும் பெண்களையும் தந்தை பெயரோடும் ஊர்ப்பெயரோடும் ஓர் அரசு முதன்முதலாக எழுதி வைத்தது இச்சீட்டில்தான் எனலாம்.

விண்ணப்பமே தேர்வாதல்

கூலியாகச் செல்பவருக்குத் திறந்திருந்த கதவு, தம் செலவில் செல்பவருக்கு அவ்வாறு இருக்கவில்லை. 1897-இல் நேட்டால் இயற்றிய குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம், உள்ளே வர விரும்புபவர் குறிப்பிட்ட வடிவிலான விண்ணப்பத்தை ஐரோப்பிய மொழியொன்றின் எழுத்தில் தாமே எழுத வேண்டும் என்றது. விண்ணப்பம் எழுதுதலே தேர்வாயிற்று. தமிழில் கணக்கெழுதவும் கடிதம் வரையவும் வல்ல வணிகர் இத்தேர்வில் தவறுவார்; கைநாட்டு வைக்கும் ஒப்பந்தக் கூலிக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. இனத்தின் பெயரைச் சொல்லாமலேயே இனத்தை விலக்கும் இவ்வுத்தியை ஆஸ்திரேலியா 1901-இல் தன் சொல்வதை எழுதும் தேர்வுக்கு எடுத்துக்கொண்டது. இன்றைய ஆங்கிலத் தகுதித் தேர்வுகளின் நோக்கம் வேறு என்பதை ஏற்றுக்கொண்டாலும், மொழித்தேர்வு எல்லைக் காவலுக்குப் பயன்பட்ட வரலாறு இத்துணைப் பழமையானது என்பது நோக்கத்தக்கது.

முனிசீப்பின் ஒப்பம்

மலாயாவுக்கும் இலங்கைக்கும் சென்ற வழி வேறு. அங்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. 1922-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின், உரிமம் பெற்ற கங்காணி தாம் சேர்த்தவரை ஊர் முனிசீப்பின் முன் நிறுத்தி, அவர் செல்வதற்குத் தடையில்லை என ஒப்பம் பெற வேண்டியிருந்தது. பின்னரே, மலாயா செல்பவராயின், நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமுக்கு அழைத்துச் செல்வார். இத்தொழிலாளர்களுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. அவர்களைப் பொறுத்தவரை விசா அலுவலகம் என்பது முனிசீப்பின் வீட்டுத் திண்ணையே.

முனிசீப்பு பெரும்பாலும் ஊரின் நிலவுடைமைச் சாதியைச் சேர்ந்தவர். கடல் கடக்க விரும்பியவரோ அந்நிலவுடைமையாளரிடம் கடன்பட்ட பண்ணையாளாக இருக்கக்கூடியவர். பாதுகாப்புக்கென வகுக்கப்பட்ட விதி, ஆளை இழக்க விரும்பாதவரின் கையில் எழுதுகோலைக் கொடுத்தது. இதனைச் சட்டம் இயற்றியோர் அறியாதிருந்தனர் என நம்புவது கடினம்.

1938-இல் மலாயாவுக்கான உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்தது. விடுதலைக்குப் பின் கதவுகள் அக்கரையிலிருந்து மூடின. இலங்கையின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. மலாயாவின் புதிய குடிவரவுச் சட்டம் 1953-இல் வந்தது. தலைமுறைகளாகத் துண்டுச் சீட்டோடும் தகரவில்லையோடும் கடந்த கடலுக்கு இப்போது கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியிருந்தன.

அக்காலத்தில் இந்தியக் கடவுச்சீட்டு உரிமையாகக் கருதப்படவில்லை. அதனை வழங்குவதும் மறுப்பதும் அரசின் விருப்பம். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்சநீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையில் அடங்கும் என்றது. அதன் விளைவாக அவ்வாண்டே கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. எனினும் கூலியையும் பயணியையும் பிரித்த பழைய கோடு அழியவில்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் சவூதி அரேபியா, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, விசா பெற்ற பின்னும் தனி அனுமதி பெற வேண்டும். அதை வழங்கும் அலுவலரின் பதவிப் பெயர் இன்றும் 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்பதே.

மலையில் எழுதப்படாத காலம்

இதுவரை கண்டது சமவெளி. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையின் ஆவண வரலாறு வேறு. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்னும் மூன்று மரபுத் தலைவர்களின் ஆளுகையில் இம்மலை இருந்ததை 1906-இல் வெளிவந்த பிரான்சிசின் தென்னாற்காடு மாவட்ட விவரச்சுவடியும் குறிப்பிடுகிறது. ஜாகீராக இருந்தமையால் சமவெளியில் நிகழ்ந்த ரயத்துவாரி அளவையும் பட்டா வழங்கலும் இங்கு நிகழவில்லை. உழுதவர் ஜாகீர்தாரருக்கு வரி செலுத்தினார், கூலியின்றி உழைத்தார். தமக்குரிய நிலம் இதுவெனக் காட்டும் தாள் அவரிடம் இல்லை. இம்மலை 1976-இல் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. 2024-இல் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளை அடுத்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்த வழக்கில் மலைமக்களின் வாழ்நிலையோடு இவ்வரலாறும் பேசப்பட்டது.

அவ்வாண்டிலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. 1976-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பழங்குடியினர் பட்டியலை மாற்றியமைத்தது. அப்பட்டியலில் 'மலையாளி' என்னும் இனம் தருமபுரி, வடாற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு உரியதாகக் குறிக்கப்பட்டது. மேலே சுட்டிய இரண்டாவது ஆவணம் இதுவே. வெள்ளிமலையில் வாழும் மாணவர் ஒருவர் இன்றைய மாவட்டப்படி கள்ளக்குறிச்சியார்; பழங்குடிச் சான்றுக்கோ அவர் தென்னாற்காட்டார். 1989 முதல் இச்சான்றை வட்டாட்சியர் வழங்க இயலாது. கோட்டாட்சியரே வழங்க வேண்டும். இனப்பெயரும் தொல்லை தருவது. மலையை ஆள்பவர் எனப் பொருள் கூறப்படும் இச்சொல்லை வெளியூரார் கேரளத்தாரின் பெயராகவே கொள்வர்.

இச்சான்று வெளிநாட்டுக் கல்விக்கு நேரடித் தொடர்புடையது. பழங்குடி மாணவர்களுக்கான நடுவண் அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 20 பேருக்கே உரியது. அதற்கான முதல் தகுதி இச்சான்று. உதவித்தொகை கிடைக்காதவர் தம் பொருள்வளத்தைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும். பிரித்தானிய மாணவர் விசாவுக்குத் தேவையான தொகை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள்கள் இருக்க வேண்டும். ஜெர்மனி, முடக்கப்பட்ட கணக்கொன்றில் ஓராண்டுக்கு 11,904 யூரோ செலுத்தப்பட வேண்டும் என 2024-இல் நிர்ணயித்தது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்க வருபவர் என்ற முற்கோளோடு தொடங்குகிறது. தாயகத்தில் தமக்குள்ள பிணைப்பைக் காட்டி அதனை அவர் முறிக்க வேண்டும்.

சமவெளி உழவர் தம் மகளின் கல்விக்கடனுக்குப் பட்டாவை ஈடு வைக்கிறார். அதே பட்டாவின் மதிப்பீட்டுச் சான்று விசா விண்ணப்பத்தோடு இணைக்கப்படுகிறது. மலையில் தலைமுறைகளாக உழுத நிலமாயினும், காப்புக்காட்டு எல்லைக்குள் அடங்கினாலோ அளவையில் விடுபட்டாலோ, அது தாளில் இல்லாத நிலமே. ஊரை விட்டு நீங்காத மரபுடையவர் ஊரோடுள்ள பிணைப்பை மெய்ப்பிக்க இயலாமற் போகும் முரண் இங்கு தோன்றுகிறது. பிறப்புச் சான்றிலும் இத்தகைய இடர் இருந்தது. 1989 ஜனவரி 26-க்குப் பின் பிறந்தோர் கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்றையே தர வேண்டும் என்ற விதி 2016 இறுதியில்தான் தளர்த்தப்பட்டது. மருத்துவமனையை எட்டாத பிரசவங்கள் நிகழ்ந்த மலையூர்களுக்கு அவ்விதி எத்தகைய தடையாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தந்தை பெயர் என்னும் பத்தி

இருவகை ஊர்களுக்கும் பொதுவான சிக்கல் ஒன்றுண்டு. தமிழர் தம் பெயருக்கு முன் தந்தை பெயரின் தலையெழுத்தை இடுவர். குடும்பப் பெயர் கொள்ளும் வழக்கம் இல்லை. குடிபெயர்வுச் சீட்டில் இருந்த தந்தை பெயர்ப் பத்தியை மொரீசியசிலும் நேட்டாலிலும் எழுத்தர்கள் குடும்பப் பெயராகக் கொண்டதால், ஒரு தனிமனிதரின் பெயர் அவருடைய கொள்ளுப்பேரர் வரை தொடர்ந்தது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருப்பின் ஏற்கலாம் எனப் பின்னர் தளர்த்தியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அதே பத்தி இங்கும் தீர்வாக வந்து நின்றது.

எதிர்த்திசையில் ஒரு விண்ணப்பம்

இன்று பழைய சீட்டுகளைத் தேடுவோர் அக்கரையில் உள்ளனர். மொரீசியசின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகளைப் பாதுகாத்து வருகிறது. அவற்றுள் ஒளிப்படங்களும் உண்டு. இந்தியக் கடல்கடந்த குடியுரிமை அட்டை பெற விரும்புவோர், தம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதற்கு இப்பதிவுகளையே சான்றாக வைக்கின்றனர். 2024 மார்ச்சில் மொரீசியசுக்கு மட்டும் இத்தகுதி ஏழாம் தலைமுறை வரை நீட்டிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. தப்பியோடினால் அடையாளம் காண்பதற்கென்று எழுதப்பட்ட தழும்பும் உயரமும் இன்று கொள்ளுப்பேரர் தாயகம் வருவதற்கான உரிமைப் பத்திரமாகியுள்ளன.

ஆயினும் ஊரைக் கண்டுபிடிப்பது எளிதன்று. உரோமன் எழுத்தில் லகர ளகர வேறுபாடும் ரகர றகர வேறுபாடும் மறைந்துவிடும். கள்ளக்குறிச்சி 'கல்லகுர்ச்சி' ஆகிறது; குறிச்சி என முடியும் ஊர்கள் பல இருப்பதால் சிற்றூரின் பெயர் சிதைந்திருப்பின் இனங்காண இயலாது. மொரீசியசு, நேட்டால், ஃபிஜி ஆகியவற்றின் பட்டியல்களிலுள்ள தென்னாற்காட்டு ஊர்ப்பெயர்களைப் பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு ஓர் அகரவரிசை உருவாக்கப்படின், சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பகுதிகளின் பல ஊர்களுக்கு மறைந்த குடிகளின் பெயர்கள் கிடைக்கக்கூடும். மலையூர்களுக்கு அத்தகைய அகரவரிசையை 1976-க்குப் பிந்தைய நில அளவைப் பதிவேடுகளிலிருந்தே தொடங்க முடியும்.